முதல் ஆர்டரைக் கொடுத்தது யார்?

திருப்பூர் எப்படி வளர்ந்தது என்று அந்த ஊரில் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: உழைப்பு. தையல்காரரின் உதவியாளான ‘கைமடி’யாகச் சேர்ந்து, தையல் பழகி, கட்டிங் மாஸ்டராகி, பிறகு நாலு மெஷின் போட்டு முதலாளியானவர்களின் கதை அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. இதை வெறும் பெருமைப் பேச்சாக ஒதுக்கிவிடாமல் அங்கேயே தங்கி ஆராய்ந்தவர் புவியியல் அறிஞர் ஷரத் சாரி. உழவுக் குடும்பங்களிலிருந்து வந்து பனியன் கம்பெனிகளில் தொழிலாளராக நுழைந்தவர்கள் எப்படி முதலாளிகள் ஆனார்கள் என்பதை 2004இல் வெளிவந்த ‘ஃபிராட்டர்னல் கேப்பிடல்’ என்ற நூலில் அவர் விரிவாக எழுதினார். உழைப்பு என்பது பொய்யில்லை. ஆனால் அதே பன்னிரண்டு மணி நேரம் மெஷினில் உட்கார்ந்த எல்லோரும் முதலாளி ஆகிவிடவில்லையே. ஆனவர்களின் கதையை நிதானமாகக் கேட்டால் நடுவில் இன்னொரு ஆள் நிற்பது தெரியும். அவர் பழைய முதலாளியாக இருக்கலாம், மூத்த மாஸ்டராக இருக்கலாம், உறவுக்காரராக இருக்கலாம். அவர் நம்பிக் கொடுத்த முதல் ஜாப் ஒர்க், தவணை சொல்லி விட்டுக்கொடுத்த பழைய மெஷின், நூல் வியாபாரியிடம் “நம்ம பையன்தான், கொடுங்க” என்று சொன்ன ஒரு வார்த்தை ஆகியவை உழைப்பின் கதைக்குள் பெயரில்லாமல் கிடக்கின்றன.

வழிகாட்டுதலைப் பற்றி இன்று கல்லூரி விழாக்களிலும் தொழில் மாநாடுகளிலும் நிறையப் பேசுகிறோம். பெரும்பாலும் அது மேடையிலிருந்து கீழே இறங்கும் அறிவுரையாகவே இருக்கிறது. கொங்கு நாட்டைத் தொழில் நாடாக்கியதில் அறிவுரைக்கு இருந்த பங்கு மிகச் சிறியது. ஒரு கிலோ நூலில் எத்தனை உருப்படி தேறும், சாயப்பட்டறைக்குப் போய் வந்தால் துணியில் எவ்வளவு எடை குறையும், எந்த பையர் பணத்தை இழுத்தடிப்பார், டெலிவரி தேதி தப்பினால் விமானச் சரக்குக் கட்டணம் யார் தலையில் விழும், எல்லாவற்றுக்கும் மேலாக எந்த ஆர்டரை வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பதெல்லாம் எந்தப் பாடநூலிலும் இல்லை. ஏற்கெனவே நட்டப்பட்டு அறிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் இவை தெரிய வரும். அதைவிட முக்கியம், அந்த மூத்தவர் தன் பெயரையும் சேர்த்துப் பணயம் வைத்தார் என்பது. புதிய பையன் வேலையைக் கெடுத்தால் பையரிடம் தலைகுனிவது அவர்தான். ஒருவரை வளர்த்துவிடுவதன் உண்மையான மதிப்பு இந்தப் பணயத்தில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். இழக்க எதுவும் இல்லாமல் சொல்லப்படும் யோசனை கேட்பவருக்கும் பெரிதாக எதையும் தருவதில்லை.

இதற்கு எடுத்த எடுப்பில் வரும் மறுப்பு கோவைக் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு. 1893இல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர், பள்ளிப் படிப்பை முடிக்காதவர். கோவை ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பார்த்து எந்திரம் பழகியவர். அவருக்கு எந்த ஆசான் இருந்தார் என்று கேட்பார்கள். தொழில்நுட்பத்தில் அவர் தானாகக் கற்றவர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டிய அந்த முதல் பேருந்துக்குப் பின்னால் ராபர்ட் ஸ்டேன்ஸின் ஆதரவு இருந்தது. கோவையின் முதல் நூற்பாலையை 1888இல் தொடங்கிய மனிதர், சொத்தும் பட்டமும் இல்லாத ஓர் இளைஞரை நம்பினார். நாயுடுவின் திறமையை ஸ்டேன்ஸ் உருவாக்கவில்லை. அந்தத் திறமை சாலைக்கு வர வாசலைத் திறந்துவிட்டார். அந்த வாசல் திறக்காமலே போன கலங்கல்காரர்கள் எத்தனை பேர் என்று வரலாறு எண்ணி வைக்கவில்லை. தானாக முளைத்தவர்களின் பட்டியலை வைத்து வழிகாட்டுதல் தேவையில்லை என்று வாதிடுவதில் உள்ள பிழை இதுதான். முளைக்காதவர்கள் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள்.

பெற்றதை நாயுடு தன்னோடு வைத்துக்கொள்ளவும் இல்லை. 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து நாட்டின் முதல் உள்நாட்டு மின் மோட்டாரை உருவாக்கினார். 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்வி நிலையம் அமையக் காரணமானார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கம் அதுதான். நான்காண்டுப் பொறியியல் படிப்பு மாணவரின் காலத்தை வீணாக்குகிறது, பாதிக் காலம் போதும், படிப்போடு பட்டறை வேலையும் கலந்திருக்க வேண்டும் என்று வாதிட்டு, அது ஏற்கப்படாதபோது முதல்வர் பொறுப்பிலிருந்து விலகினார். அவர் கேட்டது முழுவதும் சரியா என்பது வேறு விவாதம். ஆனால் கற்பவரைத் தொழில் தெரிந்தவரின் அருகிலேயே நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் கோவையில் அவர் ஒருவரோடு நிற்கவில்லை. பி.எஸ்.ஜி. அறக்கட்டளை 1926இல் தொழிற்கூடத்தைத் தொடங்கி, கால் நூற்றாண்டு கழித்து 1951இல் அதே வளாகத்தில்தான் பொறியியல் கல்லூரியை வைத்தது. முதலில் பட்டறை, பிறகு வகுப்பறை என்ற இந்த வரிசை தற்செயலாக அமைந்தது என்று நான் நினைக்கவில்லை. பாலசுந்தரம் நாயுடுவின் டெக்ஸ்டூல் ஆலையில் வேலை பழகி வெளியேறியவர்கள் ஊரெங்கும் சொந்தப் பட்டறைகள் வைத்தார்கள். கோவைப் பொறியியல் தொழிலின் வம்சாவளியை எழுதினால் அதில் பல கிளைகள் அந்த ஆலையின் வாசலிலிருந்து புறப்படும்.

ஊர்ப் பெருமையாக மட்டும் இதைச் சொல்லவில்லை. கென்யத் தலைநகர் நைரோபியின் டண்டோரா பகுதியில் சிறு வணிகம் செய்யும் பெண்களிடையே பொருளாதார ஆய்வாளர்கள் நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2018இல் வெளியானது. குலுக்கல் முறையில் பெண்களைப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கணக்கு, விற்பனை பற்றிய வகுப்புகள் நடத்தினார்கள். இன்னொரு பிரிவுக்கு அதே பகுதியில் கடை நடத்தித் தேறிய ஒரு மூத்த பெண்ணைத் துணையாகச் சேர்த்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு எதுவும் தரவில்லை. வகுப்புக்குப் போனவர்களின் லாபத்தில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. துணை கிடைத்தவர்களின் லாபம் சராசரியாக 20 சதவீதம் உயர்ந்தது. எதனால் என்று பார்த்தபோது காரணம் மிகச் சாதாரணமானது: சரக்கு எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று மூத்த பெண் காட்டினார், இளையவர் கொள்முதல் இடத்தை மாற்றினார். திருப்பூரில் “அந்த மில் நூல் வேண்டாம், இதை எடு” என்று சொல்லும் மாஸ்டர் செய்வதும் இதையேதான். அந்தச் சோதனையில் இன்னொரு முடிவும் உண்டு. சந்திப்புகள் நின்றதும் பலனும் மெல்லக் கரைந்தது. ஒரு முறை சொல்லிவிட்டுப் போவது வேறு, சந்தை மாற மாற உடன் இருப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இனிச் சொல்ல வேண்டியது கசப்பானது. கொங்கு நாட்டின் இந்தக் கொடை எல்லோருக்கும் கிடைத்ததா? இல்லை. பெரும்பாலும் சாதியின் வழியாக, உறவின் வழியாக, ஆணிலிருந்து ஆணுக்குப் போனது. சாரியின் நூல் கவுண்டர் சமூகத்துத் தொழிலாளர்கள் முதலாளிகளான பாதையைக் காட்டும்போதே, தலித்துகளும் பெண்களும் அந்தப் பாதையின் ஓரத்தில் நிறுத்தப்பட்டதையும் காட்டுகிறது. இதன் விலை நியாயத்தின் கணக்கில் மட்டும் ஏறுவதாக நினைப்பவர்கள், கைவன் முன்ஷியும் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் 2004இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்க வேண்டும். திருப்பூர் பின்னலாடை நிறுவனங்களை எடுத்துக்கொண்டு, உள்ளூர்ச் சமூகத் தொடர்பு உள்ளவர்களையும் வெளியிலிருந்து வந்து தொழில் தொடங்கியவர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். உள்ளூர்த் தொடர்பு இருந்தவர்களிடம் மூலதனம் கூடுதலாக இருந்தது. குறைந்த மூலதனத்தோடு வந்த வெளியாட்களின் உற்பத்தியோ வேகமாக வளர்ந்து, சில ஆண்டுகளில் மற்றவர்களை முந்தியது. திறமை ஓரிடத்திலும் பணம் வேறிடத்திலும் இருந்தன என்று பொருள். நம்பிக்கை உறவு வட்டத்துக்குள்ளேயே சுற்றும்போது, நல்ல தொழிலாளி வட்டத்துக்கு வெளியே காத்திருக்கிறார், சுமாரான மருமகனுக்கு மெஷின் கிடைக்கிறது. இழப்பு ஊருக்குத்தான்.

அந்நியரை நம்பக் காரணம் வேண்டாமா என்று கேட்பார்கள். நீதிமன்றம் போனால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் நாட்டில், கொடுத்த சரக்குக்குச் சொந்தபந்தம்தானே உத்தரவாதம்? அந்தக் காலத்தில் அதில் நியாயம் இருந்தது. இன்று ஜி.எஸ்.டி. பதிவும் வங்கிப் பரிவர்த்தனையும் ஒருவரின் வணிக நாணயத்தை ஓரளவுக்காவது காட்டுகின்றன. அதைவிட நம்பகமான பதிவு முதலாளியின் கண் முன்னாலேயே இருக்கிறது. பத்து வருடம் தன் தளத்தில் வேலை செய்த லைன் சூப்பர்வைசர் எப்படிப்பட்டவர் என்பது தூரத்து உறவினரைப் பற்றித் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகவே தெரியும். அப்படியிருந்தும் முதல் காண்ட்ராக்ட் உறவுக்கே போகிறது என்றால், அது உத்தரவாதம் தேடியதால் வந்ததில்லை. பழக்கத்தால் வந்தது.

பெண்களின் நிலையைப் பேசும்போது ‘சுமங்கலி’ திட்டத்தைத் தவிர்க்க முடியாது. கிராமத்துப் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் நூற்பாலைகளுக்கு அழைத்து வந்து, விடுதியில் வைத்து, குறைந்த கூலி தந்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு மொத்தத் தொகை என்று சொன்ன அந்த ஏற்பாட்டில், அவர்களுக்கு ஆலைகள் வைத்த பெயர் தொழில் பழகுநர். 2011இல் நெதர்லாந்தைச் சேர்ந்த இரு அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை இதை உலகின் கவனத்துக்குக் கொண்டுபோனது. தொழில் பழகுதல் என்ற ஏற்பாடே சுரண்டலுக்குத் திரை, அதைப் போற்றுவது ஆபத்து என்று தொழிற்சங்கத்தினர் சொல்வதற்கு இதுவே ஆதாரம். அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் சில மாதங்களில் படிந்துவிடும் வேலைக்கு மூன்றாண்டுப் பயிற்சி என்று பெயரிட்டது பயிற்சியின் குற்றமாகாது. உண்மையான பயிற்சிக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. மூன்றாண்டு முடிவில் அந்தப் பெண் தொடக்கத்தில் செய்ய முடியாத எதைச் செய்கிறார்? ஸ்பின்னிங் மெஷினைப் பழுது பார்ப்பாரா, ஷிப்ட்டை நடத்துவாரா, வேறு ஆலையில் கூடுதல் சம்பளம் கேட்பாரா? அதே இடத்தில் அதே நூலை ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்றால் அங்கே யாரும் யாருக்கும் வழி காட்டவில்லை. மாறாக, இதே கோவையில் 1957இல் தொடங்கிய அவினாசிலிங்கம் மகளிர் கல்லூரியை ராஜம்மாள் தேவதாஸ் பல்கலைக்கழகமாக வளர்த்த விதத்தைப் பாருங்கள். மனையியலைச் சமையலறையோடு நிறுத்தாமல் ஊட்டச்சத்து ஆய்வாகவும் கொள்கையாகவும் ஆக்கினார். பொறுப்பில் ஒரு பெண் இருந்து அடுத்த தலைமுறைப் பெண்களை இழுத்து மேலே ஏற்றும்போது என்ன நடக்கும் என்பதற்கு அது கொங்கு மண்ணிலேயே இருக்கும் சாட்சி.

தொழிலை விட்டுத் தனி வாழ்க்கைக்கு வந்தாலும் இதே தர்க்கம் பொருந்துகிறது. நாமக்கல், ஆத்தூர் அரசு கல்லூரிகளில் பணியாற்றிய எழுத்தாளர் பெருமாள்முருகன் தன் வீட்டு மாடியில் ‘கூடு’ என்ற பெயரில் நடத்திய சந்திப்புகளுக்கு வந்தவர்களில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். அங்கே மாணவர் கட்டுரை வாசித்தார், மற்றவர்கள் கேள்வி கேட்டார்கள். மேடையும் பொன்னாடையும் கிடையாது. சாதியோடு தங்களுக்கு நேர்ந்த அனுபவங்களை அவர் மாணவர்களும் பிறரும் வெளிப்படையாக எழுதிய ‘சாதியும் நானும்’ தொகுப்பு 2013இல் அவர் பதிப்பில் வந்தது. கொங்கு வட்டாரத்தில் அப்படி எழுதுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் வகுப்பறைப் பாடத்திலிருந்து வந்திருக்க முடியாது. தன் எழுத்தையும் நிம்மதியையும் பணயம் வைத்த ஓர் ஆசிரியர் பக்கத்தில் இருந்ததால் வந்தது. ஆசான் வழிபாடு அடிமைத்தனத்தை வளர்க்கும் என்ற அச்சம் நம் சமூகத்தில் பொய்யில்லை. காலில் விழவைப்பவர்களும் ஆய்வு மாணவரை வீட்டு வேலைக்கு அனுப்புகிறவர்களும் இருக்கவே செய்கிறார்கள். ஆனால் மாணவர் தன் சொந்தப் பெயரில் எழுத முடிகிறதா, ஆசிரியரோடு முரண்பட முடிகிறதா என்று பார்த்தால் வேறுபாடு விளங்கிவிடும்.

இந்தப் பொறுமையான வேலைக்கு நேர் எதிராக நிற்பது இன்று நம் பொறியியல் கல்லூரிகளில் நடக்கும் ஒரு நாள் ‘மென்டார்ஷிப்’ நிகழ்ச்சி. பெரிய நிறுவன அதிகாரி வருகிறார், உற்சாகமாகப் பேசுகிறார், அலைபேசி எண்ணைக் கொடுக்கிறார், பிறகு எடுப்பதில்லை. நல்லதுதானே, கெடுதல் ஒன்றும் இல்லையே என்று நினைக்கலாம். அமெரிக்காவின் ‘பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்’ வழிகாட்டுதல் திட்டத்தில் சேர்ந்த சிறார்களை ஆராய்ந்து ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 2002இல் வெளியிட்ட முடிவு வேறு சொல்கிறது. ஓராண்டு அல்லது அதற்கு மேல் நீடித்த உறவுகளே பெரும் பலன் தந்தன. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன உறவுகளில் இருந்த பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பைவிடக் குறைந்திருந்தது. பாதியில் விடுவது தொடங்காமலே இருப்பதைவிடக் கெடுதலாக முடியலாம். குடும்பத்தில் முதல் முறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு இது இன்னும் கூர்மையாகக் குத்தும். எடுக்கப்படாத அந்த அழைப்பைத் தன் தகுதிக்குக் கிடைத்த தீர்ப்பாகவே அவர் படித்துக்கொள்வார்.

எல்லாம் யூடியூபில் இருக்கிறது, செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நொடியில் பதில் வருகிறது, இனி எதற்கு மூத்தவர் என்ற கேள்வியை இளைஞர்கள் நேர்மையாகவே கேட்கிறார்கள். சி.என்.சி. மெஷினுக்கு புரோகிராம் எழுத ஒருவர் அலைபேசியிலேயே கற்றுக்கொள்ள முடிகிறது என்பது பெரிய விடுதலை. மூத்தவரின் தயவு தேவைப்பட்ட பல இடங்கள் இப்போது திறந்துகிடக்கின்றன, அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அலைபேசி வங்கி மேலாளரிடம் பேசாது. “இந்தப் பையன் செய்த கேஸ்டிங்கை நான் பார்த்தேன்” என்று வாங்குபவரிடம் சொல்லாது. செய்முறை அறிவு மலிவாகக் கிடைக்கக் கிடைக்க, ஒருவர் மேல் இன்னொருவர் வைக்கும் நம்பிக்கைதான் அரிதாகிறது. இரண்டு பேருக்கும் ஒரே அளவு தெரியும் என்றால் வேலை யாருக்குப் போகும்? யாரையாவது தெரிந்தவருக்குத்தான்.

பழக்கிவிட்டால் போட்டியாளராகி எதிரிலேயே பட்டறை போடுவான் என்பது முதலாளிகளின் பழைய பயம். போடுவான், உண்மைதான். ஆனால் கோவையின் பம்ப் செட் தொழிலும் 2006இல் புவிசார் குறியீடு பெற்ற வெட் கிரைண்டர் தொழிலும் அப்படிப் பிரிந்து போனவர்களால்தான் இந்த அளவுக்கு வந்தன. ஒருவர் வார்ப்படம் ஊற்றுகிறார், ஒருவர் லேத்தில் கடைகிறார், ஒருவர் காயில் சுற்றுகிறார், ஒருவர் பொருத்தி விற்கிறார். இத்தனை பேரும் ஒரே ஊரில் இருப்பதால்தான் வெளியூர் வாங்குபவர் கோவைக்கு வருகிறார். பிரிந்து போனவர் பாதி நேரம் போட்டியாளர், பாதி நேரம் அவசரத்துக்குச் சரக்குக் கொடுப்பவர். வேலையை விட்டுப் போகும் ஊழியர்களை ஒப்பந்தம் போட்டுத் தடுக்க முடியாத கலிஃபோர்னியாவில்தான் சிலிக்கான் பள்ளத்தாக்கு வளர்ந்தது என்பதையும் நினைவில் வைப்பது நல்லது. தனி ஒரு முதலாளிக்கு நட்டம் நேரலாம், அதை மறைக்க வேண்டியதில்லை. அதனால்தான் இந்தப் பொறுப்பைத் தனிமனிதரின் தாராள மனதிடம் விட்டுவிடாமல் எல்லா நிறுவனங்களும் சேர்ந்து சுமக்க வேண்டும்.

சட்டம் ஏற்கெனவே ஓரளவு இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் இப்போதுள்ள விதிகளின்படி 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் தன் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை வைத்துக்கொள்ள வேண்டும். மாநில அரசு 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரிகளையும் நிறுவனங்களையும் இணைக்கிறது. இரண்டும் தலைகளை எண்ணுகின்றன. யார் கற்றுக்கொடுக்கிறார், அவருக்கு அதற்கு நேரம் இருக்கிறதா என்பதைப் போதுமான அளவு கேட்பதில்லை. ஜெர்மனியில் ஒருவர் தன் தொழிலில் ‘மைஸ்டர்’ பட்டம் பெற வேண்டுமானால் தேர்வின் ஒரு பகுதி இளையவருக்குக் கற்பிக்கும் முறை பற்றியது. வேலை தெரிந்தால் மட்டும் போதாது, கொடுக்கவும் தெரிய வேண்டும் என்று அங்கே விதி. இங்கே உற்பத்தி இலக்கு தலைக்கு மேல் தொங்கும் சூப்பர்வைசரிடம் புதியவரையும் பழக்கு என்கிறோம், அதற்காக ஒரு மணி நேரம்கூட இலக்கில் குறைப்பதில்லை. ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து திருப்பூரின் மெஷின்களில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் இது இன்னும் மோசம். மொழி தெரியாத அவர்களிடம் பேசப்படுவது பெரும்பாலும் உருப்படிக் கணக்கு மட்டுமே. அரை நூற்றாண்டுக்கு முன் ஊர்ப்புறத்திலிருந்து சைக்கிளில் வந்த உழவர் மகன் நின்ற அதே படியில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். ஆனால் அடுத்த படியில் அவர்களுக்கு ஆள் இல்லை.

கற்றுக்கொடுக்கும் மணி நேரத்துக்குச் சம்பளத்தோடு இலக்கிலும் விலக்குத் தர வேண்டும், அந்தச் செலவு நிறுவனத்தின் கணக்கில் ஏற வேண்டும். கோவைச் சிறுதொழில் சங்கமான கொடிசியாவும் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமும் தங்கள் உறுப்பினர்களிடம் ஆண்டுதோறும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலை வெளியிடலாம்: உங்கள் தளத்தில் வேலை பழகி, உங்களிடமே முதல் ஜாப் ஒர்க் வாங்கித் தனியாகத் தொழில் தொடங்கியவர்களில் உங்கள் உறவும் சாதியும் அல்லாதவர் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர்? முதல் ஆண்டில் பல நிறுவனங்கள் பூஜ்யம் என்று எழுத வேண்டியிருக்கும். எழுதட்டும். அடுத்த ஆண்டு அதே நிறுவனங்களிடம் அதே கேள்வியை மறுபடியும் கேட்க வேண்டும்.